கோழி, வாத்து, காடை: முட்டைக்காக வளர்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுத் தேவைக்கும், மிஞ்சினால் அக்கம்பக்கத்தில் விற்பதற்கும் சில முட்டைப் பறவைகளை வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் கடையில் முட்டை என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் பறவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோழி முட்டையைவிட வாத்து முட்டைக்கு விலை அதிகம், காடை முட்டைக்கு எடைக்கு எடை அதைவிட அதிகம் என்று கணக்குப் போட்டு, இருக்கும் இடத்தையும் நேரத்தையும் எண்ணாமல் குஞ்சுகளை வாங்கிவந்து விடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கோழி வளர்த்துப் பழகிய கைதானே, காடைக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று எண்ணி, கோழிக்குஞ்சுக்கு வைத்திருந்த அதே தண்ணீர்த் தட்டைக் காடைக் குஞ்சுகளுக்கும் வைத்தேன். மறுநாள் காலையில் ஐம்பதில் பதினொரு குஞ்சுகள் அந்தத் தட்டில் மூழ்கிக் கிடந்தன. பிறந்த அன்று ஒரு காடைக் குஞ்சின் எடை ஏறத்தாழ 8 கிராம்தான் என்பதையும், விரற்கடை ஆழத் தண்ணீரும் அதற்குக் கிணறுதான் என்பதையும் அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

மூன்றும் முட்டையிடும் பறவைகள் என்பதைத் தவிர வளர்ப்பு முறையில் இவற்றுக்குள் ஒற்றுமை மிகக் குறைவு. ஆகவே இக்கட்டுரையில் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று பறவைகளும் எங்கே வேறுபடுகின்றன என்பதையே முதன்மையாகச் சொல்கிறேன்.

முதற்படி: இடத்தைப் பார்த்துப் பறவையை முடிவு செய்தல்

கொல்லைப்புறமோ தோட்டமோ இருந்து, பகலில் பறவைகளைத் திறந்துவிட முடியுமானால் நாட்டுக்கோழி வளர்க்கலாம். இரவில் அடைக்க ஒரு கோழிக்கு 2 சதுர அடி என்ற அளவில் கூடாரம் போதும். ஆனால் கோழி கிளறும் பறவை என்பதை மறந்துவிடக் கூடாது. கீரைப் பாத்தியும் பூஞ்செடிகளும் உள்ள இடத்தில் வேலி இல்லாமல் கோழி வளர்த்தால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும்.

வாத்துக்கு ஒன்றுக்கு 3 முதல் 4 சதுர அடி தேவை. வாத்து என்றால் குளம் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது உண்மையில்லை. நீந்தாமலே வாத்து நன்றாக வளரும், முட்டையும் இடும். ஆனால் அலகையும் மூக்குத் துளைகளையும் கண்களையும் கழுவிக்கொள்ளும்படி தலையை முழுமையாக அமிழ்த்தக்கூடிய ஆழத்தில் தண்ணீர் எப்போதும் இருந்தாக வேண்டும். கொட்டகையின் ஓரமாக 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு சிறு வாய்க்கால் கட்டிவிட்டால் போதும். அது இல்லாத வாத்துகளுக்குக் கண் ஒட்டிக்கொண்டு புண்ணாகும். வாத்து இருக்கும் இடம் எப்போதும் ஈரமாகவும் சேறாகவும் இருக்கும் என்பதால், தண்ணீர் வடிந்து போகும் சரிவு இல்லாத முற்றங்களில் வாத்து வளர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பெட்டை வாத்து உரத்த குரலில் கத்தும். அடுத்த வீட்டுச் சன்னல் பத்தடி தொலைவில் இருந்தால் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாடியும் பின்கட்டும் மட்டுமே உள்ளவர்களுக்குக் காடை பொருந்தும். ஒரு சதுர அடியில் 5 காடைகள் வரை கூண்டில் வளர்க்கலாம் என்பதால், 10 சதுர அடியில் ஐம்பது காடைகள் அடங்கிவிடும். இதில் கூண்டின் உயரம் முக்கியமானது. காடை மிரண்டால் நேர்மேலாகப் பாயும். இடைப்பட்ட உயரமுள்ள கூண்டில் அந்த வேகத்தில் கூரையில் மோதி மண்டை உடைந்து சாகும். எனவே கூண்டு ஓர் அடிக்கு மிகாமல் தாழ்வாக இருக்க வேண்டும், அல்லது ஆறடிக்கு மேல் உயரமான அறையாக இருக்க வேண்டும். கம்பி வலையின் கண் சிறியதாக இருப்பதும் அவசியம். எலி நுழையும் வழியில் பாம்பும் நுழையும். காடையின் எச்சத்தில் அமோனியா நெடி கடுமையாக இருக்குமாதலால் எச்சத் தட்டை நாள்தோறும் எடுத்துக் கொட்ட வேண்டியிருக்கும். கோழியையாவது பக்கத்து வீட்டாரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இரண்டு நாள் ஊருக்குப் போய் வரலாம். காடையை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட அசட்டையாக இருக்க முடியாது.

இரண்டாம் படி: இனத்தைத் தெரிந்துகொள்ளுதல்

கோழியில் நம் ஊர் நாட்டுக்கோழி வகைகளான சிறுவிடையும் பெருவிடையும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள்தான் இடும். ஆனால் அடைகாத்துக் குஞ்சு பொரித்து, அதைக் கூட்டிக்கொண்டு மேய்த்து ஆளாக்கிவிடும். முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டைகள்கூட இடும், ஆனால் அடைக்கு உட்காராது. நாமக்கல் பண்ணைகளில் இருப்பவை இவையே. இவ்விரண்டுக்கும் நடுவே, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் உள்ளன. கொல்லைப்புறத்தில் மேயவும் செய்யும், நாட்டுக்கோழியைவிடக் கூடுதலாக முட்டையும் இடும் என்பதால் புதியவர்களுக்கு இவை ஏற்றவை.

வாத்தில், ஆரணி, காஞ்சிபுரம் பகுதிகளிலிருந்து மேய்ப்பவர்கள் மந்தையாக ஓட்டிச் சென்று, அறுவடை முடிந்த நெல்வயல்களில் சிந்திய மணிகளையும் நத்தையையும் பூச்சியையும் மேயவிட்டு வளர்க்கும் நாட்டு வாத்துகள் ஒரு வகை. இங்கிலாந்தில் உருவான காக்கி கேம்பல் மற்றொரு வகை. நல்ல பராமரிப்பில் காக்கி கேம்பல் ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடும் என்பதைக் கேட்டுப் பலர் வியப்படைகிறார்கள். நாட்டு வாத்துக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே எதிர்பார்க்கலாம். முகத்தில் சிவந்த சதைத் திரட்சியுடன் காணப்படும் மஸ்கோவி வாத்து தென் அமெரிக்காவிலிருந்து வந்த தனி இனம். மற்ற வளர்ப்பு வாத்துகள் எல்லாவற்றுக்கும் மூதாதை பச்சைத்தலை காட்டு வாத்துதான்.

நாம் பண்ணையில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974-ஆம் ஆண்டில்தான் இது உத்தரப்பிரதேசத்தின் இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. வயல்வெளியில் திரியும் நம் நாட்டுக் காட்டுக் காடை இதற்கு உறவினமே ஒழிய இதுவல்ல. அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கண்ணி வைத்துப் பிடித்ததை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். நந்தனம் காடை, நாமக்கல் காடை என்னும் இனங்களைத் தமிழ்நாட்டில் எளிதாகப் பெறலாம்.

மூன்றாம் படி: வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முட்டைக்காக வளர்ப்பவருக்குப் பெட்டைகளே வேண்டும். சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும் என்பது பலருக்கு இன்னும் ஐயமாகவே இருக்கிறது. சேவல், ஆண் வாத்து, ஆண் காடை எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று பறவைகளும் முட்டையிடும். அந்த முட்டையில் குஞ்சு வராது, அவ்வளவுதான். குஞ்சு பொரிக்க விரும்பினால் கோழியில் 10 பெட்டைக்கு ஒரு சேவலும், வாத்தில் 6 பெட்டைக்கு ஓர் ஆணும், காடையில் 3 பெட்டைக்கு ஓர் ஆணும் வேண்டும்.

ஆண் பெண் பார்க்கும் முறையும் வேறுவேறு. காடையில் மூன்று வார வயதிலேயே நெஞ்சைப் பார்த்துச் சொல்லிவிடலாம்: ஆணின் நெஞ்சு புள்ளியின்றிச் செம்பழுப்பாகவும், பெண்ணின் நெஞ்சு வெளிறிய நிறத்தில் கரும்புள்ளிகளுடனும் இருக்கும். வெள்ளைக் காடையில் இந்த அடையாளம் உதவாது. வாத்தில் வளர்ந்த ஆணின் வால் மேற்புறத்தில் ஒன்றிரண்டு இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அதன் குரலும் கரகரத்துத் தாழ்ந்து ஒலிக்கும். கூட்டத்தில் உரக்கக் கத்துவது பெட்டை. கோழியில் கொண்டையின் வளர்ச்சியையும் கழுத்து இறகின் கூர்மையையும் வைத்து எட்டு வாரத்துக்குப் பிறகே உறுதியாகச் சொல்ல முடியும்.

புதியவர்கள் ஒரு நாள் குஞ்சுகளை வாங்குவதைக் காட்டிலும், முதல் தடுப்பூசிகள் போட்ட நான்கு வாரக் கோழிக்குஞ்சுகளையும் மூன்று வாரக் காடைகளையும் வாங்குவது நல்லது. விலை கூடுதலாகத் தோன்றினாலும் இழப்பைக் கணக்கிட்டால் மலிவே. மழைக்காலத்தின் நடுவிலும் சித்திரை, வைகாசி வெயிலிலும் தொடங்க வேண்டாம். தை, மாசி மாதங்களே என் அனுபவத்தில் நல்ல தொடக்கம்.

நான்காம் படி: முதல் மூன்று வாரங்கள்

ஒரு நாள் குஞ்சிலிருந்துதான் தொடங்குவேன் என்பவர்கள் இந்தப் பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும், ஏனெனில் இழப்பில் பெரும்பகுதி இந்த நாட்களில்தான் நேர்கிறது.

குஞ்சுக்குத் தாயின் சூடு கிடையாது என்பதால் மின்விளக்கின் சூட்டைக் கொடுக்க வேண்டும். அட்டையாலோ தகரத்தாலோ வட்டமாக ஒரு தடுப்பு அமைத்து, நடுவில் இழை விளக்கை (பழைய குண்டு பல்பை) தொங்கவிட வேண்டும். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது வழக்கமான கணக்கு. இப்போது வீடுகளில் இருக்கும் எல்.இ.டி. விளக்குகள் வெளிச்சம் தருமே தவிரச் சூடு தரா என்பதால் பயன்படா. கோழிக்கும் வாத்துக்கும் முதல் வாரத்தில் 35 டிகிரி செல்சியஸ் அளவும், காடைக்கு அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவும் தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். விளக்குக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கத்தினால் குளிர் என்று பொருள். தடுப்போரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் சூடு அதிகம் என்று பொருள். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் கிடந்தால் சரியாக இருக்கிறது. இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் எழுந்து பார்ப்பதை முதல் வாரத்தில் தவறவிடாதீர்கள். மின்சாரம் நின்றால் குஞ்சுகள் குவியும், அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் சாகும். குறிப்பாகக் காடையில் இது சில நிமிடங்களில் நடந்துவிடும்.

தரையில் நெல் உமியையோ மரத்தூளையோ இரண்டங்குலம் பரப்பி, அதன்மேல் முதல் சில நாட்கள் சொரசொரப்பான தாளையோ சாக்கையோ விரிக்க வேண்டும். வழுவழுப்பான செய்தித்தாளில் நிற்கும் குஞ்சுகளுக்குக் கால் அகன்று ஊனமாகிவிடும். காடைக் குஞ்சுகளின் தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களையோ கோலிக்குண்டுகளையோ நிரப்பி, இடுக்கில் உள்ள தண்ணீரை மட்டும் அவை குடிக்கும்படி செய்ய வேண்டும். நான் பதினொரு குஞ்சுகளைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. வாத்துக் குஞ்சுகளுக்கு இதன் எதிர்ப்புறச் சிக்கல். அவை தட்டில் இறங்கி விளையாடி விரிப்பு முழுவதையும் நனைத்துவிடும். தாய் வாத்து தன் இறகிலுள்ள எண்ணெய்ப் பசையைக் குஞ்சின் மேல் பூசி நனையாமல் காக்கும். பொரிப்பானில் (முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் கருவியில்) பிறந்த குஞ்சுக்கு அந்தக் காப்பு இல்லாததால் அது நனைந்து குளிரில் விறைத்துவிடும். எனவே அலகு மட்டும் நுழையும்படி தட்டின் மேல் கம்பி வலை போட்டு வையுங்கள், ஈரமான விரிப்பை நாளுக்கு இருமுறை மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: தீவனம்

காடைக் குஞ்சு மிக வேகமாக வளர்வதால் அதன் தீவனத்தில் 24 சதவீதத்துக்குக் குறையாத புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுக்கு 20 சதவீதம் போதும். கோழிக்குஞ்சுத் தீவனத்தையே காடைக்குப் போட்டால் அவை கூனிக்குறுகி நிற்கும், ஒன்றையொன்று கொத்தவும் தொடங்கும். தீவனத்தைக் காடையின் அலகுக்கு ஏற்றபடி சலித்து நொய்யாகக் கொடுக்க வேண்டும்.

வாத்துக்கு உலர்ந்த மாவுத் தீவனம் உகந்ததல்ல. அது அலகில் ஒட்டிக்கொண்டு விழுங்க முடியாமல் போகும்; வாத்து ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீருக்கு ஓடும், பாதித் தீவனம் தண்ணீரில் கரையும். தண்ணீர் தெளித்துப் பிசைந்தோ குச்சித் தீவனமாகவோ கொடுத்து, மிச்சத்தை அன்றே அகற்ற வேண்டும். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சைத் தாங்கும் திறன் வாத்துக்கு மிகக் குறைவு. கோழிகள் தின்று சற்றுச் சோர்வோடு நின்றுவிடும் தீவனத்தைத் தின்ற வாத்துக் குஞ்சுகள் கூட்டமாக மடிந்துபோகும். ஆகவே வாத்துக்குக் கடலைப் பிண்ணாக்கைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது. வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்னும் பி வைட்டமினும் கோழிக்குஞ்சைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அது குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டுமே போட்டு வளர்த்த வாத்துகளில் இந்தக் குறையைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முட்டையிடும் பருவத்தில் ஒரு கோழி நாளொன்றுக்கு 110 கிராம் அளவிலும், வாத்து 160 கிராம் அளவிலும், காடை 25 கிராம் அளவிலும் தீவனம் எடுக்கும். இதை முட்டையின் எடையோடு சேர்த்துப் பாருங்கள். 110 கிராம் தின்று கோழி 55 கிராம் முட்டையைத் தருகிறது. அதே 55 கிராம் முட்டைக்கு 5 காடைகள் 125 கிராம் தீவனம் தின்கின்றன. வாத்து 160 கிராமுக்குத் தருவது 65 முதல் 70 கிராம் எடையுள்ள முட்டை. கட்டிவைத்துத் தீவனம் போட்டு வளர்த்தால் கோழிதான் சிக்கனமானது என்பது இக்கணக்கில் தெளிவாகும். வாத்தின் வலிமை மேய்ச்சலில் இருக்கிறது. வயலோ வாய்க்காலோ பக்கத்தில் இருந்து, நத்தையும் புழுவும், நீரில் மிதந்து வளரும் அசோலா என்னும் சிறு தாவரமும் கிடைத்தால் அதன் தீவனச் செலவில் பெரும்பகுதி குறையும்.

முட்டையிடத் தொடங்கியதும் மூன்றுக்கும் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைக்க வேண்டும். ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து குறைந்தால் தோல் முட்டை விழும்.

ஆறாம் படி: முட்டையை எடுக்கும் நேரம்

காடை பிறந்த ஆறேழு வாரங்களிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். முட்டைக் கோழி 18 முதல் 20 வாரங்களிலும், காக்கி கேம்பல் வாத்து ஏறத்தாழ அதே வயதிலும், நாட்டுக்கோழியும் நாட்டு வாத்தும் ஆறு மாதத்தை ஒட்டியும் தொடங்கும்.

முட்டையிடும் வேளையிலும் மூன்றும் வேறுபடுகின்றன. வாத்து இரவின் பின்பகுதியிலும் விடியலிலும் இட்டு முடிக்கும். எனவே காலை ஒன்பது மணி வரை அடைத்து வைத்திருந்து, பிறகு திறந்துவிட வேண்டும். ஆறு மணிக்கே திறந்துவிட்டால் முட்டையை வாய்க்காலிலும் புதரிலும் தேட வேண்டியிருக்கும். கோழி முற்பகலில் இடும். காடை பிற்பகலிலிருந்து அந்தி வரை இடும். வேலைக்குப் போய்வருபவர்கள் மாலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு வசதி. காடைக்கும் முட்டைக் கோழிக்கும் பகல் வெளிச்சத்தோடு விளக்கையும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால்தான் குளிர்காலத்தில் முட்டை குறையாது.

ஏழாம் படி: முட்டைகளை ஒப்பிடுதல்

காடை முட்டை 10 முதல் 12 கிராம் எடையுடன், வெளிறிய ஓட்டில் பழுப்பும் கருப்புமான திட்டுகளைக் கொண்டிருக்கும். ஒரே பெட்டை நாள்தோறும் ஏறத்தாழ ஒரே வகைத் திட்டுகளுடன் முட்டையிடுவதால், பழகிய கண் எந்தக் காடையின் முட்டை எது என்று சொல்லிவிடும். ஓடு மெல்லியது, உள்தோல் உறுதியானது. அதனால் தட்டி உடைப்பதைவிட ஒரு முனையைச் சிறு கத்தரியால் வெட்டித் திறப்பது எளிது. நாட்டுக்கோழி முட்டை 35 முதல் 45 கிராம் இருக்கும். வாத்து முட்டையின் ஓடு தடித்தது. வெள்ளையாகவோ வெளிர் பச்சை கலந்தோ இருக்கும். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டைக்கும் வெள்ளை முட்டைக்கும் சத்தில் வேறுபாடு இல்லை.

சத்தைப் பற்றிப் பேசும்போது எடையை வைத்தே பேச வேண்டும். ஓடு நீங்கிய 100 கிராமில் கோழி முட்டையில் 12.6 கிராமும், வாத்து முட்டையில் 12.8 கிராமும், காடை முட்டையில் 13 கிராமும் புரதம் இருக்கின்றன. அதாவது மூன்றும் ஏறத்தாழ சமம். வேறுபாடு கொழுப்பில்தான். கோழி முட்டையில் 9.5 கிராமும், காடை முட்டையில் 11 கிராமும், வாத்து முட்டையில் கிட்டத்தட்ட 14 கிராமும் கொழுப்பு உண்டு. வாத்து முட்டையில் மஞ்சள் கருவின் பங்கு பெரிது, நீர் குறைவு என்பதே இதற்குக் காரணம். இரும்புச் சத்து காடை முட்டையிலும் வாத்து முட்டையிலும் கோழி முட்டையைப்போல் இரு மடங்கு இருக்கிறது. பி12 வைட்டமினில் வாத்து முட்டை மற்ற இரண்டையும் வெகுவாக மிஞ்சுகிறது.

“ஆயிரம் கோழிக்கு அரைக் காடை” என்னும் சொல்வழக்கை வைத்துக்கொண்டு, காடை முட்டையில் கொலஸ்ட்ரால் இல்லை என்றும், இதய நோயாளிகளும் சர்க்கரை நோயாளிகளும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றும் விளம்பரம் செய்கிறார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். 100 கிராம் கோழி முட்டையில் ஏறத்தாழ 370 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்க, காடை முட்டையில் 840 மில்லிகிராமும், வாத்து முட்டையில் 880 மில்லிகிராமும் இருக்கின்றன. ஒரு காடை முட்டையை ஒரு கோழி முட்டையோடு ஒப்பிட்டால் காடையினுடையது குறைவாகத் தோன்றுவது அது ஐந்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால்தான். ஐந்து காடை முட்டைகளைச் சாப்பிட்டவர் ஒரு கோழி முட்டையில் கிடைக்கும் புரதத்தையும், அதைப்போல் இரு மடங்கு கொலஸ்ட்ராலையும் சாப்பிட்டிருக்கிறார். உடல்நலக் குறைவு உள்ளவர்கள் எத்தனை சாப்பிடலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், முட்டை விற்பவர் அல்ல. அதுபோலவே, கோழி முட்டை ஒவ்வாத குழந்தைக்குக் காடை முட்டை ஒத்துக்கொள்ளும் என்று நம்பிக் கொடுத்துவிடக் கூடாது. மூன்று முட்டைகளின் புரதங்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை என்பதால் அதே ஒவ்வாமை ஏற்படக்கூடும்.

சமையலில், கொதிக்கும் தண்ணீரில் போட்ட காடை முட்டை 4 நிமிடத்தில் வெந்துவிடும். கோழி முட்டைக்கு 10 நிமிடமும் வாத்து முட்டைக்கு 12 நிமிடத்துக்குக் குறையாமலும் தேவை. வாத்து ஈரத்திலும் சேற்றிலும் முட்டையிடுவதால் ஓட்டில் சால்மோனெல்லா கிருமி ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதை அரைவேக்காடாகவோ பச்சையாகவோ உண்ணவே கூடாது. வாத்து முட்டையின் வெள்ளைக்கரு இறுகினால் ரப்பர் போலாகும் என்பதால் அவித்து உண்பதைவிடக் குழம்பிலும் கேக்கிலும் சேர்த்தால் சுவை கூடும்.

முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேலுள்ள இயற்கையான மெழுகுப் பூச்சு போய்விட்டால் கிருமிகள் உள்ளே புகும். அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, பென்சிலால் தேதி எழுதி வைக்கலாம். ஐயமிருந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: புதியது அடியில் படுத்துக் கிடக்கும், பழையது நிமிர்ந்து நிற்கும், மிதப்பதை எறிந்துவிட வேண்டும்.

எட்டாம் படி: குஞ்சு பொரித்தல்

நாட்டுக்கோழி 21 நாளில் தானே பொரித்துவிடும். ஜப்பானியக் காடை பல தலைமுறைகளாகப் பொரிப்பானை நம்பி வளர்ந்ததால் அடைகாக்கும் இயல்பை இழந்துவிட்டது. காக்கி கேம்பல் வாத்தும் பெரும்பாலும் அடையில் உட்காராது. எனவே ஊர்களில் வாத்து முட்டையைக் கோழிக்கு அவயம் வைப்பது (அடைகாக்க வைப்பது) நெடுநாள் வழக்கம். கோழி முட்டையானால் பத்துப் பன்னிரண்டு வைக்கும் இடத்தில் வாத்து முட்டை ஏழெட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. வாத்து முட்டைக்கு 28 நாட்கள் ஆகும் என்பதால் அடைக்கோழிக்குத் தீனியும் தண்ணீரும் கூட்டின் அருகிலேயே வைக்க வேண்டும். வாத்து தன் ஈர இறகோடு வந்து அமரும் இயல்புடையது. கோழி அப்படிச் செய்யாததால் கடைசி இரண்டு வாரங்கள் நாள்தோறும் முட்டையின் மேல் இளஞ்சூடான நீரைத் தெளித்துவிடுங்கள். மஸ்கோவிக்கு 35 நாட்கள். அது தானே நன்றாக அடைகாக்கும்.

சிறிய பொரிப்பான் வைத்திருப்பவர்கள் வெப்பத்தை 37.5 டிகிரியில் நிறுத்தி, நாளுக்கு மூன்று முறைக்குக் குறையாமல் முட்டைகளைத் திருப்பி, பொரிக்க மூன்று நாட்கள் இருக்கும்போது திருப்புவதை நிறுத்த வேண்டும். கோழியில் 18-ஆம் நாளும், வாத்தில் 25-ஆம் நாளும், 17 நாளில் பொரிக்கும் காடையில் 14-ஆம் நாளும் அது வரும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் பார்த்தால் கோழி, வாத்து முட்டைகளில் சிலந்திவலைபோல் இரத்த நாளங்கள் தெரியும், தெரியாதவை கூமுட்டை. காடை முட்டையில் ஓட்டின் திட்டுகள் பார்வையை மறைக்கும்.

ஒன்பதாம் படி: நோயும் தனித்தனிக் கூண்டும்

மூன்றையும் ஒரே கொட்டகையில் விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விடக் கூடாது. வாத்து தரையை நனைக்கும். ஈரமான விரிப்பில் கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும். கோழி காடையைக் கொத்திக் கொன்றுவிடும். இவற்றைவிட மறைவான ஆபத்து, ஒன்று தாங்கிக்கொள்ளும் கிருமி மற்றொன்றைக் கொல்வது. வெள்ளைக்கழிச்சல் கிருமி வாத்தில் அறிகுறியே இல்லாமல் தங்கிக் கோழிக்குப் பரவக்கூடும். பறவைக் காய்ச்சலும் அப்படியே.

கோழிக்கு வெள்ளைக்கழிச்சலுக்கான முதல் மருந்தை ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விட்டு, நான்காம் வாரத்தில் மீண்டும் கொடுத்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசியாகப் போட வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர்களில் நடத்தும் தடுப்பூசி முகாம்களில் இது இலவசம். வாத்துக்கு எட்டாம் வாரத்தை ஒட்டி வாத்துப் பிளேக் தடுப்பூசி தேவை. காடை நோய் எதிர்ப்பு மிக்கது என்பதால் வழக்கமாகத் தடுப்பூசி போடுவதில்லை. அதன் உயிரை எடுப்பவை பெரும்பாலும் எலியும் குளிரும் அசுத்தமான தண்ணீரும்தான். புதிதாக வாங்கிய எந்தப் பறவையையும் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே பழைய கூட்டத்தோடு சேருங்கள்.

பத்தாம் படி: அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்தல்

காடை எட்டுப் பத்து மாதம் நன்றாக இடும், பிறகு சரிந்துவிடும். முட்டைக் கோழியைப் பண்ணைகளில் 72-ஆம் வாரத்தை ஒட்டிக் கழிக்கிறார்கள். வாத்து இரண்டாம் ஆண்டிலும் நன்றாக இடுகிறது. எனவே காடை வளர்ப்பவர்கள் முதல் கூட்டத்தின் ஆறாம் மாதத்திலேயே அடுத்த முட்டைகளைப் பொரிப்பானில் வைத்துவிட வேண்டும். இரண்டரை வாரம் பொரிப்பு, ஏழு வாரம் வளர்ப்பு என்று பழைய காடைகள் சரியும் முன்பே புதியவை இடத் தொடங்கிவிடும். கோழிக்கு இதே ஏற்பாட்டை ஐந்து மாதம் முன்னதாகச் செய்ய வேண்டும். நான் குஞ்சு வந்த நாளையும் முதல் முட்டை விழுந்த நாளையும் கூண்டின் மேலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். தீவனம் போடும்போதெல்லாம் கண்ணில் படுவதால் அடுத்த கூட்டத்துக்கான நாள் தவறுவதில்லை.